நீலம் இல்லாத சின்னம்

நாங்கள் மயிலாப்பூரை விட்டு மாம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டு கிளம்பியபோது, அக்கம்பக்கத்தார், "ஏரிக்குள்ளே போய்க் குடித்தனமா?" என்று சிரித்தார்கள். கேலி என்றாலும் உண்மைதான். ஏரியைத் தூர்த்துத்தான் அந்தத் தெருக்களைப் போட்டிருந்தார்கள்.

அப்பா கடற்கரைப் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தா. ஒருநாள் அங்கிருந்து ஒரு வர்ண அட்டை கொண்டுவந்தார். ஹங்கேரி தேசத்தில் ஏதோ ஒரு குக்கிராமத்தின் சின்னமாம். கேடயம் மாதிரி ஒரு கட்டம். அதற்குள் கலப்பைக் கொழு, இரண்டு கோதுமைக் கதிர், அடியில் நெளிநெளியாக நீலக் கோடுகள். அந்தக் கோடுகள்தான் ஊரை அடிக்கடி வாரிக்கொண்டு போகும் ஆறு என்று பின்பக்கம் இங்கிலீஷில் போட்டிருந்தது. ராஜாக்களுக்குத்தான் சின்னமெல்லாம் என்று நினைத்திருந்த எனக்கு, பட்டிக்காட்டுக்குமா என்று ஆச்சரியம். அக்கா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்களை அழிச்ச ஆத்தையே நெத்தியிலே எழுதிண்டிருக்கா பாரேன்!"

அந்தச் சமயம் எங்கள் தெருக்காரர்களின் சங்கம் ஒரு வாசகசாலை கட்டிக்கொண்டிருந்தது. முகப்பில் வைக்கச் சின்னம் ஒன்று வேண்டும், யாரும் வரைந்து தரலாம் என்றார்கள். "உன் படத்தை எடுத்துண்டா, உன்னை ஓவியப் பள்ளியிலே சேர்த்துடறேன்" என்று அப்பா அக்காவுக்கு வாக்குக் கொடுத்தார். பெண்ணை வெளியே படிக்க அனுப்புவதற்கு, ஊர் வாயை மூட அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அக்கா ஒரு பனைமரம், இரண்டு நெற்கதிர், அடியில் நீல அலைகள் என்று வரைந்தாள். சங்கத் தலைவர் மனை வியாபாரி. "இன்னா சாமி, ஏரியப் போட்டு வச்சிகீறீங்க? தண்ணி நிக்கிற எடம்னு தெர்ஞ்சா எவன் மனை வாங்குவான்?" என்றார் அப்பாவிடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏரியையே மறைக்கப் பார்த்தவர் அவர்தான்.

அலையை எடுத்துவிடச் சொன்னார் அப்பா. "அது இல்லேன்னா இது எந்த ஊர்ப்பா? மாட்டேன்" என்றாள் அக்கா. அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்பாவே நீலத்தின் மேல் பச்சையைப் பூசி, புல்தரையாக்கிக் கொடுத்துவிட்டார். படம் தேறிவிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

முகப்பில் சுதையில் செய்து வர்ணம் அடித்த பிறகுதான் அக்கா அதைப் பார்த்தாள். "இது நான் போட்டது இல்லை. இதைச் சொல்லிண்டு நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்றாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான். பாசத்தில் செய்தார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

ஐப்பசி மழையில் வாசகசாலை வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா அதில் நடந்து வந்து, சொட்டச் சொட்ட அக்கா முன்னால் நின்றார்.

"நீ போட்டதுதான்மா சரி. நீலம் பூசச் சொல்றேன்."

"எதுக்குப்பா? அதான் அதுவே வந்துடுத்தே."

அப்பா அவளுடைய நீல வர்ணத்தைத் தானே கிண்ணத்தில் குழைத்து, தூரிகையோடு அவள் பக்கத்தில் வைத்தார். மழை விட்டபோது, அவள் தொடாத கிண்ணத்தின் அடியில் அது வெடித்துக் காய்ந்திருந்தது.