நாகவள்ளியின் கதாநாயகிகள்

ஷார்ஜாவில் குடியிருக்கும் நாகவள்ளி தொடர்கதை எழுதுகிறவள். கைபேசிச் செயலி ஒன்றில் வாரம் இரண்டு அத்தியாயம் வரும். கணவர் வெங்கட்ராமன் ஜெபல் அலிக்கு வேலைக்குக் கிளம்பியதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவாள். ஒன்பது வருடத்தில் பதினோரு தொடர்கள். விருதுநகரிலிருந்து டொரன்டோ வரை வாசகிகள் இருந்தார்கள்.

பக்கத்து ஃபிளாட்டில் ருக்கையா என்ற சூடான் நாட்டு நர்ஸ். அவள் டியூட்டி முடிந்து வரும்வரை, எட்டு வயது மகள் இஃப்பத் நாகவள்ளி வீட்டில்தான் இருப்பாள். பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. பள்ளிவிட்டு வந்து தோசையைத் தின்றுகொண்டே, இன்றைக்கு என்ன எழுதினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்பாள். நாகவள்ளி அத்தியாயத்தை ஆங்கிலத்திலேயே சொல்வாள். கேட்டதையெல்லாம் இஃப்பத் படமாக வரைவாள்.

அந்த மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்த தொடரின் நாயகி இளவேனில், குதிரையேற்றம் தெரிந்த கால்நடை மருத்துவர். ஒரு நாள் இஃப்பத் அவளைக் குதிரை மேல் வரைந்தாள். முகத்துக்கு வண்ணம் தீட்டவில்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தாள். லாயத்துக் கதவோரம் பழுப்பு நிறத்தில் சின்னதாக ஓர் உருவம், கையில் வாளியோடு நின்றது.

அது யார் என்று நாகவள்ளி கேட்டாள்.

"நான்தான். சாணி அள்ளுறேன்."

"நீயும் குதிரை மேல ஏறலாமே?"

இஃப்பத் பென்சிலைக் கீழே வைத்தாள். "இல்ல ஆன்ட்டி. குதிரை மேல போறவங்க வெள்ளையா இருப்பாங்க. நீங்கதானே சொன்னீங்க." பிறகு நாகவள்ளியின் கையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள். "உங்களாலயும் உங்க கதைக்குள்ள போக முடியாது, இல்ல?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. துணைக்கு ஆள் தேடுகிற குரல்.

நாகவள்ளி நல்ல கறுப்பு. நான்கு வீட்டார் நிறத்தைச் சொல்லித் தட்டிக்கழித்த பிறகு பெண் பார்க்க வந்தவர்தான் வெங்கட்ராமன். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. மறுநாள் காலை தன் தொடர்களை ஒவ்வொன்றாகத் திறந்து முதல் அத்தியாயத்தைப் படித்தாள். ஒருத்தி பால் நிறம், ஒருத்தி சந்தன நிறம், ஒருத்தி தொட்டாலே சிவந்துவிடுவாள். கறுப்பாக இருந்தவர்கள் இரண்டே பேர்: கொடுமைக்கார நாத்தனார், ஓர் அடியாள்.

அன்று மாலை ருக்கையாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.  மகள் தினமும் பவுடரை அப்பிக்கொள்வதையும், போன வாரம் சுருட்டை முடியை வெட்டிவிடச் சொல்லி அழுததையும் ருக்கையா சொன்னாள்.

"உங்க கதை மட்டும் காரணமில்ல. அவ பார்க்கிற கார்ட்டூன், படிக்கிற புத்தகம், எல்லாமே அப்படித்தான். ஆனா அதையெல்லாம் யார் எழுதினாங்கன்னு அவளுக்குத் தெரியாது. உங்களைத் தெரியும்."

அடுத்த அத்தியாயத்தை நாகவள்ளி இப்படித் தொடங்கினாள்: 'இளவேனில் சிவப்பு என்று சொல்லியிருந்தேன். பழக்கதோஷம். அவள் கறுப்பு, என்னைப் போல.'

இருபத்துமூன்று அத்தியாயமாக மனதில் வைத்திருந்த முகத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஒரு வாசகி கோபித்தாள். சிலர் கேலி செய்தார்கள், பலர் படிப்பதையே நிறுத்தினார்கள். மன்னார்குடியிலிருந்து ராதிகா என்பவள், என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன் என்று ஒரே வரி அனுப்பியிருந்தாள்.

இஃப்பத் துள்ளிக் குதிக்கவில்லை. இளவேனிலின் முடி எப்படி என்று சந்தேகத்தோடு கேட்டாள். இடுப்புவரை வழியும் கூந்தல் என்று எழுதியதை நாகவள்ளி ஒப்புக்கொண்டாள்.

"அப்ப அது நீங்க. நான் இல்ல."

அதனால் அடுத்த தொடரின் நாயகி சூடான் பெண்ணானாள். அந்த முடியைப் பற்றி நாகவள்ளிக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை இஃப்பத் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ருக்கையா மகளின் தலையில் எண்ணெய் தொட்டு, வகிடு வகிடாகப் பிரித்து, இரண்டு மணி நேரம் பின்னினாள். வலிக்குமா என்று நாகவள்ளி இஃப்பத்திடம் கேட்டாள்.

"காதுக்கு மேல மட்டும். அதையும் எழுதுங்க."

அந்தத் தொடர் போன மாதம் முடிந்தது. பழைய தொடர்கள் அளவுக்கு ஓடவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் வெளியிடுமுன் இஃப்பத்திடம் சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது. மழையில் நாயகியின் முடி நனைந்து தொங்கியது என்ற வரியை அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. குளியலறைக்கு ஓடிப்போய், தலையை நனைத்துக்கொண்டு வந்து, தொங்காத சுருள்முடியோடு சொட்டச் சொட்ட நின்று காட்டினாள்.