மெசினுக்குள் தேங்கிய தண்ணீர்

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் மெசின் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. வேலை முடிந்ததும் மூன்று தடவை கூவும், அன்றும் கூவியது. கதவைத் திறந்தால் அடியில் நாலு விரல் ஆழத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கி நின்றது. மேலே மீன் குழம்பு எண்ணெய் மிதந்தது. தட்டைத் தொட்டால் ஒரே பிசுபிசுப்பு.

என் தோளுக்குப் பின்னால் ஒரு குரல் தயாராக நின்றது. "நான் அப்பவே சொன்னேன். நம்ம சாப்பாட்டுக்கு இதெல்லாம் தாங்காது லா. வெள்ளக்காரன் ரொட்டி தின்ன தட்டக் கழுவுற மெசின் இது."

என் வீட்டுக்காரர்தான். அப்பவே சொன்னேன் என்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. மழை வந்தாலும் சொல்வார், வராவிட்டாலும் சொல்வார். தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறார். வேனில் ஏறும் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அவர்கள் என்ன தின்பார்கள், எதில் கழுவுவார்கள் என்பதெல்லாம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு.

அந்த மெசினை நான் பவுசுக்கு வாங்கவில்லை. என் கைக்காக வாங்கினேன். மலாக்காவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருபது வருஷத்துக்கும் மேலாக வேலை செய்கிறேன். இப்போது ஒரு லைனுக்கு நான்தான் லீடர். பகல் முழுக்கக் கையுறை, வீட்டுக்கு வந்தால் சோப்புத் தண்ணீர். இரண்டும் சேர்ந்து விரல் நுனியெல்லாம் பாளம் பாளமாக வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. கிளினிக் டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: சோப்புத் தண்ணீரில் கை வைக்காதே.

கொஞ்ச நாள் அவர்தான் பாத்திரம் கழுவினார். பொய் சொல்லக்கூடாது, கழுவினார். சட்டியின் உட்பக்கத்தை மட்டும். வெளிப்பக்கம் என்று ஒன்று இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கோயிலுக்குப் போனால் போதும், "இப்ப வீட்டுல பாத்திரமெல்லாம் நான்தான்" என்று யார் காதில் விழுந்தாலும் சரி என்று பேசுவார். அந்தப் பெருமை தாங்காமல்தான் அந்த வருஷ போனஸை அப்படியே கொண்டுபோய்க் கடையில் கொடுத்து மெசினை பாயா ரும்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏற்றி வந்தேன்.

எட்டு மாதத்தில் விரல் ஆறியது. பட்டுப் புடவை கட்டினால் கொசுவம் வைக்கும்போது நூல் தோலில் மாட்டி இழுக்கும், அது நின்றது. தீபாவளிக்கு நானே முறுக்கு மாவு பிசைந்தேன். சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். எனக்குச் சின்ன விஷயமில்லை.

கையால் செய்தே தீரவேண்டிய வேலை ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்காக வியாழக்கிழமை சாயங்காலம் சாமி விளக்கைப் புளி போட்டுத் துலக்குவது. வெடிப்பில் புளி பட்டால் உயிர் போகும். அதனால் அதையும் அவர் எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை எனக்கு ஓவர்டைம். எட்டு மணிக்கு வீடு வந்தால் விளக்கு கழுவி, துடைத்து, சாமி மேடையில் உட்கார்ந்திருக்கும். பித்தளை கொஞ்சம் மங்கிப் பழுப்படித்துத்தான் இருந்தது. "இப்ப வர்ற புளி சரியில்ல" என்றார். நானும் நம்பி, சாமி காரியத்தில் மனுஷருக்குச் சோம்பலே கிடையாது என்று லைனில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மெசின் மக்கர் செய்த மறுநாள் அடியில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். இரண்டு கறிவேப்பிலை, கொஞ்சம் கடுகு. அவ்வளவுதான். திரும்ப ஓட விட்டேன். திரும்பவும் நாலு விரல் தண்ணீர்.

புதன்கிழமை ஒரு ரிப்பேர்காரர் வந்தார். நம் ஆள்தான், என் வயதிருக்கும். பட்டனை அமுக்கினார், காதை வைத்துக் கேட்டார், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் எழுந்து நின்றார்.

"பம்பு போச்சுக்கா. புதுசு போடுற காசுக்கு நீங்க வேற மெசினே பாக்கலாம்."

"தொறந்து பாக்காமலே எப்படிண்ணே சொல்றீங்க?"

"அனுபவம்கா."

வீட்டுக்காரருக்கு அது போதும். அன்றைக்கே பழைய இரும்பு லோரிக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றும் லோரி அது. பழைய இரும்பு, பழைய பேப்பர், கெட்டுப்போன ஃபேன் எல்லாம் எடுத்துக்கொள்ளும். "ஞாயித்துக்கெழம பதினொரு மணிக்கு வந்து தூக்கிக்கிறேன்னுட்டாரு. எடமாவது மிச்சமாகும்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஏறிய கோபத்தில் அன்று ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவரும் மூச்சுக் காட்டாமல் குடித்தார்.

ஓவர்டைம் வாரம் வேறு. தட்டு சட்டியை நானே ரப்பர் கையுறை போட்டுக் கழுவினேன். உள்ளே வியர்த்து ஊறி, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆள்காட்டி விரல் வெடித்தது. லைனில் வெள்ளைக் கையுறையில் சிவப்பாக ஒரு பொட்டு. பக்கத்தில் வேலை செய்கிற பெண் பார்த்துவிட்டு, "அக்கா, திரும்ப வந்திருச்சா?" என்று கேட்டாள். டாய்லெட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். வலிக்காக இல்லை. எட்டு மாதம் எடுத்து ஆறிய கை நாலே நாளில் பழையபடி ஆகிவிட்டதே என்றுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த மெசின் லோரி ஏறினால் இந்த விரல் ஆறவே போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் புத்தி வந்தது. இந்த ஃபேக்டரியில் நான் என்ன வேலை பார்க்கிறேன்? ஒரு மெசின் நின்றால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்கிற வேலை. ஒரு தடவைக்கு ஒரு இடத்தை மட்டும் பார், சரி என்று தெரிந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று புதுப் பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொல்கிறேன். வீட்டு மெசினை மட்டும் அனுபவம் என்று சொன்ன ஆளிடம் விட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை லீவு. முதலில் பின்பக்கக் குழாய். மெசினை இழுத்துப் பார்த்தேன். குழாய் எங்கும் மடங்கவில்லை. அதன் நுனியை சிங்க் அடிக் குழாயிலிருந்து கழற்றி ஒரு வாளியில் விட்டேன். வீட்டுக் குழாய் அடைத்திருந்தால் இப்போது தண்ணீர் வாளியில் கொட்டவேண்டும். பட்டனை அமுக்கினேன். சொட்டு சொட்டாகத்தான் வந்தது. அப்படியானால் வீட்டுக் குழாயில் குற்றமில்லை. கழற்றியதுதான் கழற்றினோம் என்று மெசின் குழாயையும் வாயால் ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாகப் போனது. அதுவும் சரி.

மிச்சம் பம்பு. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே 'ம்ம்ம்' என்று முனகியது. செத்த மோட்டார் முனகாது. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, எதுவோ அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அந்த அனுபவக்காரரை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குள் பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. புறப்படும்போது சாமி மேடையைக் கும்பிட்டேன். விளக்கு தகதகவென்று மின்னியது. மாதக்கணக்கில் அப்படி மின்னியதே இல்லை. "புளிய மாத்திட்டேன்" என்றார், நான் கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். சுவரில் ப்ளக்கைப் பிடுங்கினேன். கப்பால் தண்ணீரை மொண்டு ஊற்றி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன். வடிகட்டியைத் திரும்பப் போடும்போது அம்புக்குறி வரைக்கும் திருகிப் பூட்டவேண்டும், இல்லையென்றால் கழிவு பம்புக்குள் நுழைந்துவிடும் என்று போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை நான் கழற்றியபோது அது திருகாமலே கையோடு வந்தது ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் கழுவி மாட்டியவர் யார் என்றும் ஞாபகம் வந்தது. ஒரு நாள் வடிகட்டியைக் கழுவிவிட்டு அதற்கும் ஒரு பிரசங்கம் வைத்தாரே என் வீட்டுக்காரர்.

வடிகட்டி இருந்த பள்ளத்தின் ஓரத்தில் பம்பை மூடியபடி ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். மூன்றாவது நெம்பலில் வந்தது. உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், விரலால் தள்ளினால் சுற்றவேண்டும். கையுறையோடு ஒன்றும் தட்டுப்படவில்லை. கழற்றி எறிந்துவிட்டு வெறும் விரலை விட்டேன். வெடிப்பில் உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் பட்டு மிளகாய் வைத்த மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தடவினேன். சக்கரம் அசையவில்லை. அதைச் சுற்றி நூல் மாதிரி ஏதோ இறுக்கிக்கொண்டிருந்தது.

புருவம் எடுக்கிற இடுக்கியைக் கொண்டுவந்து நுனியைப் பிடித்து இழுத்தேன். கறுப்பாக, வழவழவென்று வந்துகொண்டே இருந்தது. ஒன்று. இன்னும் இழுத்தேன், இரண்டு. மூன்றாவது பாதியில் அறுந்து, மறுபடி தேடிப் பிடித்து எடுத்தேன். மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்! மூன்றுக்கும் ஒரு முனை கருகியிருந்தது.

விளக்குத் திரி.

மங்கிப்போன பித்தளை, சரியில்லாத புளி, மெசின் கெட்ட வாரத்தில் மட்டும் மின்னிய விளக்கு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மனுஷர் வியாழக்கிழமைதோறும் சாமி விளக்கைத் திரியைக்கூடப் பிடுங்காமல் மெசினுக்குள் போட்டிருக்கிறார். மீன் குழம்புத் தட்டோடு!

கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. முதலில் மெசின். மூடியை அழுத்தி மாட்டினேன், வடிகட்டியை அம்புக்குறி வரைக்கும் திருகினேன், ஒரு ஜக் தண்ணீர் ஊற்றி, ப்ளக்கைப் போட்டு, தண்ணீரை வடிக்கிற பட்டனை அமுக்கிப் பிடித்தேன். 'ம்ம்' என்று ஒரு முனகல். அப்புறம் சிங்க் அடியில் கடகடவென்று தண்ணீர் பாய்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நாதஸ்வரம்கூட ஈடாகாது. கதவைத் திறந்தேன். அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னொரு ஜக் ஊற்றினேன், அதுவும் போனது. தனியாக நின்று கை தட்டினேன். அனுபவமாம், அனுபவம்!

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது.

திரி மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இது என்னா?"

பார்த்தார். பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"திரி."

"பம்புல இருந்துச்சு. சாமி விளக்குத் திரிக்கு பம்புல என்னங்க வேல?"

கேட்டுக்கு வெளியே லோரி நின்றது. ஹார்ன் அடித்தது. அவர் தப்பித்தோம் என்று எழுந்து போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

லோரிக்காரர் வயதான சீனர். முதலாளி என்கிற அர்த்தத்தில் எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தள்ளுவண்டியை இறக்கிவிட்டு மெசின் எங்கே என்று மலாயில் கேட்டார். வேண்டாம், கொடுக்கவில்லை என்றார் இவர். ஏன், போனில் கெட்டுப்போச்சு என்றாயே என்றார் தவுக்கே. பக்கத்து வீட்டு மலாய் அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பெண்டாட்டிக்கு மனசு மாறிவிட்டது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சுலபமான பொய். அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பொய். அப்படிச் சொல்லியிருந்தால் திரியைக் கொண்டுபோய்த் தவுக்கேயிடமே காட்டியிருப்பேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலிலிருந்து ரத்தம் வழிந்து திரியில் இறங்கியிருந்தது. நானே கவனிக்கவில்லை.

"மெசினுக்கு ஒண்ணும் இல்ல, தவுக்கே" என்றார் மலாயில், தெருவுக்கே கேட்கும்படி. "நல்ல மெசின். நான்தான் சாமி விளக்க உள்ள போட்டுக் கெடுத்தேன். அவதான் தொறந்து சரி பண்ணா."

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'நான்தான்' என்று ஒரு குற்றம் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். மலாய் அக்கா என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். லோரி பழைய பேப்பர் கட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. என் விரல் எரிந்துகொண்டுதான் இருந்தது. எரியட்டும், இனிமேல் அது ஆறிவிடும்.