நேற்றைய கேப்டன்

என் கணவருக்கு ஐம்பது வயதில் கடல் மேல் ஆசை வந்தது. அதுவரை அவருக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு, பொங்கோலில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பக்கத்து நீர்வழியோரம் காலையில் நடப்பதோடு சரி. அலுவலக நண்பர் ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது தன் பழைய பாய்மரப் படகை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவர் அதை விருது வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். வகுப்புக்குப் போய்ப் படகு ஓட்ட உரிமமும் எடுத்தார்.

உரிமம் கைக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. சுமத்ரா பக்கமிருந்து விடிகாலையில் ஓடிவரும் புயல்காற்றை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஜன்னல் கதவுகளைப் படபடவென்று அடித்து, ஒரு பாட்டம் மழையைக் கொட்டிவிட்டு, நாம் வேலைக்குக் கிளம்புவதற்குள் போய்விடும். அது வந்தால் மூங்கில் கழியில் காயும் துணியை உள்ளே இழுப்போம்; எங்கள் தற்காப்பு அவ்வளவுதான். இவரோ நடுக்கடலில் அது வந்தால் என்ன செய்வது என்று இரவும் பகலும் காணொளி பார்க்கத் தொடங்கினார்.

படகுக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் தன் அக்காவையும் சேர்த்துக்கொண்டார். அலுவலகத்தில் தீ ஒத்திகை மணி அடித்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு நேராகக் காப்பி குடிக்கப் போகிறவள் நான். நாத்தனார் அப்படியில்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று புக்கிட் பாஞ்சாங்கில் தனியாக இருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். சமையல் குறிப்பில் ‘சிறிது நேரம் வதக்கவும்’ என்று இருந்தால், எவ்வளவு நேரம் என்று எனக்குப் போன் போட்டுக் கேட்பார்.

பயிற்சி எங்கள் ஹாலில் நடந்தது. சோஃபாதான் படகு. விளக்குமாற்றுக் கட்டைதான் சுக்கான் பிடி. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, கணவர் டிவிக்கு முன்னால் நின்று கத்துவார். நாங்கள் உயிர்காப்பு உடையை மாட்டி, இடுப்புப் பட்டையின் கொக்கியைச் சோஃபா காலில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் சிரித்துவிடுவேன். நாத்தனார் சிரிக்கமாட்டார். புரியாததைக் கேட்டுக்கொள்வார்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு இரும்புக் கடைக்குக் கயிறு வாங்கப் போனோம். எவ்வளவு காற்றுக்குத் தாங்கும் என்று இவர் கேட்டார். கடைக்காரர் கயிற்றையும் இவரையும் பார்த்துவிட்டு, லாரியில் சோஃபா ஏற்றத்தானே என்றார். இவர் காசை வைத்துவிட்டு விடுவிடுவென்று வெளியே வந்தார்.

அதைவிட மோசம், படகின் பாயைக் கீழே கொண்டுவந்த நாள். காற்று அதிகமானால் பெரிய பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டவேண்டும். அதைப் பழக எங்கள் வீட்டில் இடம் இல்லை. அதனால் புளோக்கின் கீழே வாய்ட் டெக் எனும் திறந்த தரைத்தளத்தில் விரித்தோம். அங்கேதான் கல்யாணமும் நடக்கும், சாவுச் சடங்கும் நடக்கும். அவ்வளவு பெரிய வெள்ளைத் துணியையும், அதைச் சுற்றி மௌனமாகக் குனிந்திருந்த எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, நாலாவது மாடிச் சீன ஆன்ட்டி மெல்ல வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். யார் போய்விட்டார்கள் என்று தணிந்த குரலில் கேட்டார். யாரும் இல்லை, நாங்கள்தான் போகப்போகிறோம், கடலுக்கு என்றேன். ஆன்ட்டி கையை விடவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, கணவர் கடைசியாக ஒரு முறை எல்லாவற்றையும் சொன்னார். புயல் வந்தால் படகின் மூக்கு காற்றைப் பார்த்தே இருக்க வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். பயந்துபோய்த் திரும்பிக் கரைக்கு ஓடப் பார்க்கக்கூடாது, திரும்பும்போதுதான் படகு சாயும். நாத்தனார் வழக்கம்போல ஒரு சந்தேகம் கேட்டார். “நீயே திருப்புன்னு சொன்னா?”

“சொல்லமாட்டேன் அக்கா. அப்படிச் சொன்னா அது பயத்துல சொல்றது. கேட்காதே.”

மறுநாள் காலை தெற்குத் தீவுகள் பக்கம் போனோம். படகின் கதவுகள் எல்லாம் தாழிடப்பட்டிருந்தன, தண்ணீர்ப் பாட்டிலில் இருந்து குக்கர் மூடி வரை எல்லாம் கட்டிவைக்கப்பட்டிருந்தன. கணவர் எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார் என்றால், நாத்தனார் கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலங்களை எடுக்கக்கூட எங்களால் முடியவில்லை. கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்றே இல்லை. வாந்தி மாத்திரை சாப்பிட்டு எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. கணவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்ததாகக்கூட எனக்குத் தோன்றியது.

அப்போது மேற்கே வானம் ஸ்லேட்டு நிறமானது. அதற்குக் கீழே கடலின்மேல் ஒரு வெள்ளைக் கோடு எங்களை நோக்கி வந்தது.

முதல் பகுதி எல்லாம் சரியாகவே நடந்தது. பாயைச் சுருக்கினோம், கொக்கிகளை மாட்டினோம், நாத்தனார் சுக்கானைப் பிடித்தார். காற்று வந்து அறைந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. படகின் மூக்கு எழும்பித் தொப்பென்று விழுந்தது, மறுபடி எழும்பியது. கரை மறைந்துவிட்டது. நங்கூரம் போட்டு நின்ற கப்பல்கள் எங்கள் பின்னால் எங்கேயோ இருந்தன, அவையும் மறைந்துவிட்டன. நான் ஒரு கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன். முருகனிடம் போய்விட்டு மாரியம்மனிடம் வந்தேன்.

கணவர் பாய்மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாகவே இல்லை. ஒரு பெரிய அலை எங்கள் மேல் உடைந்து வடிந்ததும் அவர் கத்தினார்.

“அக்கா, திருப்பு. கரைக்குப் போயிடலாம். திருப்பு.”

நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை. மழைக்குள் கண்ணைச் சுருக்கி, படகின் மூக்கை மட்டும் பார்த்தார்.

“அக்கா, நான் சொல்றேன்ல. நான்தான் கேப்டன்.”

“நேத்து சொன்னவன் கேப்டன்” என்றார் நாத்தனார், குரலை உயர்த்தாமலே. “நீ பேசாம உக்காருடா தம்பி.”

கணவர் எழுந்து சுக்கானிடம் வரப் பார்த்தார். ஆனால் அவரே கட்டிய இடுப்புப் பட்டை அவரை வரவிடவில்லை. எத்தனை முயன்றாலும் ஒரு கை தூரம் குறைந்தது. கொக்கியைக் கழற்ற விரல்களுக்கு நிதானம் இல்லை. கடைசியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாத்தனார் நேற்றைய பாடத்தை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவரும் பயந்துதான் இருந்தார். பயத்தில் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

காற்று வந்த மாதிரியே போனது. மழை மெலிந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தோம். ஒரு எண்ணெய்க் கப்பலின் துருப்பிடித்த பக்கவாட்டுச் சுவர், ஒரு பதிமூன்று மாடிக் கட்டடம் மாதிரி நின்றது. திரும்பியிருந்தால் நேராக அதன் மேல்தான் போயிருப்போம். கணவர் கத்தியால் முடிச்சை அறுத்து நாசி லெமாக்கை எடுத்துப் பிரித்தார். முதல் பொட்டலத்தை அக்காவிடம் நீட்டினார்.

அடுத்த தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முறுக்குத் தட்டுக்கு நடுவே கணவர் புயல் கதையைச் சொன்னார். அந்தக் கதையில் அவர் பாய்மரத்தடியில் நின்று நிலைமையைக் கண்காணித்தார். நல்ல கேப்டன் சுக்கானைத் தானே பிடிக்கமாட்டான், ஆட்களைத் தயார்செய்து வைப்பான் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு சித்தப்பா கைகூடக் குலுக்கினார்.

பாத்திரம் கழுவும்போது நாத்தனாரிடம், ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பொய் ஒண்ணும் சொல்லலையே லா” என்றார். “தயார் பண்ணினது அவன்தானே.”

அந்த ஆண்டே அவரும் வகுப்பில் சேர்ந்து உரிமம் எடுத்தார். இப்போது சனிக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் போகிறார்கள். போகிற வழியெல்லாம் காரில் யார் கேப்டன் என்று சண்டை. நான் பெரும்பாலும் வீட்டில் இருந்துகொள்கிறேன். மேற்கே வானம் கறுத்தால் துணியை உள்ளே இழுத்துவிட்டு, இருவருக்கும் போன் போடுகிறேன். எடுப்பது எப்போதும் அக்காதான்.