கலஹாவிலிருந்து திருச்சிக்கு ஒரு மடி டிக்கட்

ஆகஸ்ட் 18, காலை 5.10. கலஹாவிலிருந்து கண்டிக்குப் புறப்படும் பஸ்ஸில் நாங்கள் மூவர்: நான், ஏழு வயது மலர், என் மடியில் சின்னவன் கவின். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. திருச்சியில் வாழ்க்கைப்பட்ட அக்காவைப் பார்த்து எட்டு வருஷமாகிறது; என் பிள்ளைகளை அவள் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். எனக்கும் இதுதான் முதல் விமானம். ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை என்பதை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, ப்ளேன்ல ஜன்னல் தொறக்கலாமா?" என்று பேராதனை வரைக்கும் மலர் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பாள். பெரஹரா ஊர்வலக் காலம். கண்டிக்குள் பஸ் ஊர்ந்துதான் போனது.

காலை 8.30, கட்டுகஸ்தோட்டை. பாலம் தாண்டியதும் எங்களுக்கு டிக்கட் போட்ட ஏஜன்சி. நடத்துபவர் ரிஸ்னா. பிள்ளைகளோடு பறக்க நினைப்பவர்களுக்காக அவர் எனக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். கைக்குழந்தையானாலும் தனிப் பாஸ்போட், தனி விசா. பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். தகப்பன் கூட வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதம். போகவர எனக்கு 68,500 ரூபாய், மலருக்கு 54,000. இரண்டு வயது நிரம்பாத கவினுக்கு மடியில்தான் இடம், அதற்கு 9,200.

பாஸ்போட்களைப் புரட்டிய ரிஸ்னா, கவினுடையதில் நின்றுவிட்டார்.

"டீச்சர், மகன்ட பொறந்தநாள் முப்பத்தொண்டுன்னுதானே போன்ல சொன்னீங்க? இதுல இருபத்திமூணு ஈக்கிதே!"

எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். கவின் ஆவணி மாதம் ரேவதி. இந்த வருஷம் அது முப்பத்தோராம் திகதி வருகிறது. பாயசத்துக்கு முந்திரிகூட வாங்கி வைத்துவிட்டேன். பாஸ்போட் கைக்கு வருமுன்னே ரிஸ்னா போனில் கேட்டபோது, அந்தத் திகதியையே ஒப்பித்திருக்கிறேன். வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரின் பிறந்த திகதியையும் பதிவேட்டில் எழுதுகிறவள் நான்!

"நீங்க திரும்பி வாரது இருபத்தாறு. அதுக்குள்ள புள்ளைக்கு ரெண்டு முடியிது. வாரப்ப தனி சீட் வேணும். ப்ளைட் நெறஞ்சிரிக்குமோ தெரியா, கொஞ்சம் இரிங்க."

"அப்ப நாம பெரியம்மா வீட்டுக்குப் போகலையா?" என்றாள் மலர். ரிஸ்னா போனில் பேசிய பதினொரு நிமிடமும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஒரே ஒரு சீட் ஈக்கி. இருபத்தேழாயிரம் கூட வரும்."

கணவருக்குப் போன் போட்டேன். "கட்டு, கட்டு! நட்சத்திரத்தப் பத்தி வந்தப்பறம் பேசிக்கலாம்" என்று சிரித்தார்.

மாலை 4.20, கட்டுநாயக்க விமான நிலையம். வேனுக்கு 18,000 கொடுத்து வந்து சேர்ந்து, எல்லாக் கடதாசியும் காட்டி, ஒருவழியாக விமானத்தில் உட்கார்ந்தோம். பணிப்பெண் கவினுக்கு ஒரு குட்டி பெல்ட் போட்டு, அதை என் பெல்ட்டோடு மாட்டிவிட்டார். விமானம் எழும்பியதும் மலர் கத்தினாள். நானும்தான் கத்தினேன்! கலஹாவிலிருந்து கண்டிக்கு வந்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் திருச்சி வந்துவிட்டது. யாரிடமும் போகாத கவின், வெளியே நின்ற அக்காவிடம் ஒரே தாவாகத் தாவினான். அவள் அழுதாள், நான் சிரித்தேன், பிறகு மாற்றிச் செய்தோம்.

ஆகஸ்ட் 23. அக்கா வீட்டில் கேக். "இங்க ரெண்டு முடிஞ்சிருச்சு. அங்க போய் இன்னொரு தடவை முடிப்பீங்களாக்கும்" என்று கேலி செய்தாள்.

ஆகஸ்ட் 26, திரும்பும் விமானம். கவின் தன் சீட்டில், தன் பெல்ட்டோடு ராசா மாதிரி உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் பிறந்த பிறகு நான் வெறும் மடியோடு போகிற முதல் பயணம் இது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மாலை, பேராதனையிலிருந்து கலஹா பஸ். ஒரே நெரிசல். ஒரு ஓரத்து சீட்டுத்தான் கிடைத்தது.

"சின்னவருக்கு எத்தன வயசு அக்கா?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு முடியல. ரேவதி வர இன்னும் அஞ்சு நாள் இருக்கு தம்பி" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கவினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.