கிளெமென்ற் அண்ணனின் கடற்போர்

ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கிளெமென்ற் போரைக் கண்ணால் கண்டதில்லை. சண்டை தன் தெருவுக்கு வருவதற்குள் விமானம் ஏறி ஒஸ்லோ வந்துவிட்டார். அதில் குற்றமொன்றும் இல்லை. நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன். ஆனால் அங்கே ட்வெய்ட்டா என்ற பகுதியின் உயர்மாடிக் குடியிருப்பில், ஹீட்டரை ஒட்டிப் போட்ட சோபாவில் சாய்ந்துகொண்டு, உலகத்துப் போர்களையெல்லாம் அவர்தான் நடத்துவார். பகலில் பேருந்து பணிமனையில் பஸ் கழுவும் பகுதிக்கு மேற்பார்வையாளர். மாலையானால் தளபதி.

அவருடைய பக்தி முழுவதும் ஜெர்மானியர்மீது. "ஜேர்மன்காரன் எம்டன், தம்பி!" என்பார். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் 1914இல் சென்னைமீது குண்டு போட்டது. அடி வாங்கிய நாமே அந்தப் பெயரைக் கெட்டிக்காரனுக்குப் பட்டமாகச் சூட்டிக்கொண்டோம். கிளெமென்ற் அந்தப் பரம்பரைதான்.

2005ஆம் ஆண்டு அவருக்கு ஓர் ஆசை முற்றிப்போயிருந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நிர்வாகியாக வேண்டும். முன்பே இரண்டு முறை நின்று தோற்றவர். அறிவியல் நாள் முடிந்த கையோடு, அதே மண்டபத்தில் பெற்றோர்கள் கையுயர்த்தித் தேர்ந்தெடுப்பது பள்ளியின் வழக்கம். எதிரே நின்றவர் சிவநாயகி, சின்ன வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ பேசி அவரை வெல்ல முடியாதென்று கிளெமென்றுக்கே தெரியும். ஆகவே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் செய்தார்.

அறிவியல் நாளில் காட்டச் செய்த மாதிரி அது, யு-9. முதல் உலகப்போரின் தொடக்கத்தில், ஒல்லாந்துக் கரைக்கு அப்பால், ஒரே காலையில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்த படகு. பிளாஸ்டிக் குழாயை அறுத்து, சாம்பல் நிறம் பூசி, பார்க்க நன்றாகவே செய்திருந்தார். அதைச் சரிபார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். நான் இங்கே கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜெயங்கொண்டத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தை ஒருவருடைய தேர்தல் நோட்டீசில் ஒட்ட எனக்கு மனமில்லை. இருந்தாலும் போனேன்.

"அண்ணே, மேல புகைக்குழாய் எங்க?"

"உந்தக் குழாய் வேண்டாம் தம்பி. வடிவில்லை, அசிங்கமாக் கிடக்கு."

"அது இல்லாம என்ஜின் ஓடாதுண்ணே. மண்ணெண்ணெய் என்ஜின். பகல்ல வெள்ளைப் புகை, ராத்திரியில தீப்பொறி, ரொம்ப தூரத்துக்குத் தெரியும். தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி குழாயை மடக்கி வைக்கணும். ஒளிஞ்சிருக்கக் கட்டின படகு, 'இங்கதான் இருக்கேன்'னு ஊருக்கே சொல்லிக்கிட்டுப் போகும்."

அவர் மனைவி யோசெப்பின் தேநீரோடு வந்தவர் சிரித்துவிட்டார். "அப்ப எங்கடை பழைய மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரியோ?"

"நீர் சும்மா இரும்," என்று அவரை அடக்கிவிட்டு கிளெமென்ற் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் இந்தியாவிலை படிச்சனீர். அங்கை ஜேர்மன் எஞ்சினை எங்கை கண்டனீர்?"

இன்னும் சொல்ல இருந்தது. டார்ப்பிடோ விட்டதும் முன்பக்கம் எடை குறைந்து படகு மேலே எழும்பும். அதை அமுக்க உள்ளே இருந்தவர்கள் மூக்குப் பக்கம் ஓட வேண்டும், பாரவண்டியில் ஆளை முன்னால் ஏற்றிச் சமன் பார்ப்பதுபோல. மகா தொழில்நுட்பத்தின் லட்சணம் அது. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அறிவியல் நாளன்று பிள்ளைகளின் எரிமலைகளும் எலுமிச்சம்பழ மின்கலங்களும் ஓரத்துக்குப் போயின. மேடையின் நடுவில் குழந்தையைக் குளிப்பாட்டும் பெரிய தொட்டி. அதில் தண்ணீர், தண்ணீரில் மூன்று அட்டைக் கப்பல்கள், ஒரு யு-9. கப்பல்களின் அடியில் நூல் கட்டியிருந்தது. கிளெமென்ற் "சுடு!" என்றதும், பக்கத்தில் முழங்காலிட்டிருந்த யோசெப்பின் தண்ணீருக்குள் கைவிட்டு நூலை இழுக்க வேண்டும். ஜெர்மன் வல்லமை இயங்கியது அந்த அம்மாவின் கையால்.

"சுடு!"

முதல் கப்பல் போனது. கைதட்டல்.

"இப்ப பாருங்கோ, மற்ற ரெண்டும் கிட்ட வருது. சுடு!"

இரண்டாவதும் போனது. முன்வரிசையிலிருந்து உதயகுமாரி கேட்டார். பேசாலை என்ற கடற்கரை ஊர்க்காரர், முதியோர் இல்லத்தில் யோசெப்பினோடு வேலை செய்பவர்.

"ஏன் கிளெமென்ற், மற்றது ரெண்டும் ஓடித் தப்பியிருக்கலாமே?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. "அதுதானே அக்கா பகிடி! விழுந்தவங்களைத் தூக்கவெண்டு நிண்டவங்கள், மொக்கங்கள், மூளையில்லாதவங்கள். நிண்ட இடத்திலையே அடி. ஆயிரத்து நானூறுக்கு மேலை சனம் சரி, முடிஞ்சுது!"

சிலர் சிரித்தார்கள். உதயகுமாரி எழுந்தார்.

"தொண்ணூறிலை அகதியா ராமேஸ்வரம் போகேக்கை எங்கடை வள்ளம் பிரண்டது. பின்னாலை வந்த வள்ளக்காரன் நிண்டான். அவன்ரை வள்ளமும் தாழப் பாத்தது, நிறையச் சனம். எண்டாலும் என்னையும் பிள்ளையையும் இழுத்துப் போட்டவன். அவனும் மொக்கனோ?"

கிளெமென்ற் தான் சொன்னது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த அம்மாவே அவருக்குக் கைதூக்கியிருப்பார். ஆனால் கிளெமென்றுக்குப் போர் நடுவில் நின்றுபோனதுதான் பெரிய இழப்பு.

"அக்கா, அது வேறை, இது வேறை. இது ரெக்னிக்கல் விசயம். எஞ்சினியர் தம்பி இருக்கிறார், கேட்டுப் பாருங்கோ." நான் தொட்டியருகே நின்று தண்ணீருக்குள் கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார். "சுடு!"

மூன்றாவது கப்பல் அசையாமல் மிதந்தது.

"யோசெப்பின், சுடு எண்டனான்!"

யோசெப்பின் தண்ணீரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "நூல் அறுந்துபோச்சு," என்றார். நூல் அறுந்திருக்கவில்லை, நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

தளபதி தானே குனிந்து கட்டைவிரலால் கப்பலை அமுக்கினார். அது கவிழ்ந்து பக்கவாட்டில் வந்து மிதந்தது. மறுபடி அமுக்கினார். பின்வரிசையில் ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்தது. பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் கேடாகப் போயிற்று.

தொட்டியை எடுக்கக்கூட நேரமில்லை, தேர்தல் தொடங்கிவிட்டது. முதலில் கிளெமென்ற் பெயரைச் சொன்னார்கள். பஸ் கழுவும் இடத்து நண்பர்கள் சிலர் கைதூக்கினார்கள். அவர் தலைகளை எண்ணிக்கொண்டே வந்து மனைவியிடம் நின்றார்.

"யோசெப்பின், கையைத் தூக்குமன்!"

"கை ஈரமாக் கிடக்கு."

"ஈரமெண்டால் என்ன? தூக்கும்!"

அவர் தூக்கவில்லை. சேலைத் தலைப்பால் விரல்களை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்து சிவநாயகியின் பெயரைச் சொன்னார்கள். உதயகுமாரியின் கை எழுந்தது, முன்வரிசை முழுவதும் எழுந்தது. யோசெப்பின் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கையை நேராக மேலே தூக்கினார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.