எந்தத் தண்ணீரில் வளர்ந்த கீரை?

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, இரண்டு வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சோம்பல் இல்லை. வெட்கம்.

கணவருக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு மாற்றல். சென்னையை விட்டு சோழவரத்துக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் ஏரி. காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகும். எல்லாம் சரி... மளிகைக்கும் காய்க்கும் எங்கே போவது?

சென்னையில் போனைத் தட்டினால் பத்து நிமிடத்தில் கொத்தமல்லி வாசலுக்கு வரும். இங்கே அதே ஆப், 'உங்கள் பகுதிக்கு நாங்கள் இன்னும் வரவில்லை' என்று பணிவாகக் கைவிரித்துவிட்டது. முதல் மாதம் சனிக்கிழமைதோறும் செங்குன்றம் போய் அள்ளிக்கொண்டு வந்தோம். அப்புறம் மெதுவாக ஊர் பிடிபட்டது. அரிசி, பருப்புக்கு பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. மீனுக்கு, பழவேற்காட்டிலிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டியோடு வருகிற பாய். கீரைக்கு தேசம்மா.

தேசம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்திலேயே அரை ஏக்கர் சொந்த நிலம். காலை ஏழு மணிக்கு எங்கள் கேட் அருகே சாக்கை விரித்து முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் அடுக்கிவிடுவார். எட்டு மணிக்குள் சாக்கு காலி.

ஒருநாள் லிஃப்டில் ஒரு பெண்மணி என்னிடம், இந்தப் பக்கத்துக் கீரையெல்லாம் கம்பெனிக் கழிவுத் தண்ணீரில் விளைகிறதாம், தொடவே தொடாதீர்கள் என்றார். யார் சொன்னது? எந்தக் கம்பெனி? நான் கேட்கவில்லை. பத்திரிகையில் எழுதுகிறவள் வேறு! மறுநாள் காலை நேராக தேசம்மாவிடம் போனேன். அங்கே நாலைந்து பேர் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இது எந்தத் தண்ணியில வளர்ந்தது?"

"கெணத்துத் தண்ணிம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சொல்லி, கையிலிருந்த கீரைக்கட்டைச் சாக்கின் மேல் போட்டேன். வைக்கவில்லை — போட்டேன். பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் தங்கள் கட்டுகளையும் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஏதோ சமூக சேவை செய்த திருப்தியோடு மாடி ஏறினேன்.

நான்காம் நாள் வாக்கிங் போனபோது தேசம்மா வழியில் காத்திருந்தார். மூன்று நாளாக எங்கள் கட்டடத்திலிருந்து யாரும் வாங்கவில்லையாம். கொண்டுவந்த கீரையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டிருக்கிறார். ஆனால் குரலில் கோபமே இல்லை.

"யம்மா, நீ படிச்சவ. ஒரு தபா வந்து கொல்லியப் பாரு. பாத்துட்டு இன்னா வேணா சொல்லு."

போனேன். உண்மையைச் சொன்னால், ஒரு கட்டுரை தேறும் என்ற நப்பாசையில்தான் அவர் நிலத்துக்குப் போனேன். கிணற்று மோட்டாரைப் போட்டு, தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துக் காட்டினார். கண்ணாடி மாதிரித் தண்ணீர். பாத்தி பாத்தியாகக் கீரை. ஆனால், நிலத்தின் கடைசி ஓரத்தில் நான்கு பாத்திகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. அவற்றை ஒட்டிக் கறுப்பாக ஒரு ஓடை, நுரையோடு. நாற்றம் தாங்கவில்லை. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனில் படம் எடுத்தேன்.

"இது எந்தக் கம்பெனி?" என்றேன். தலைப்புகூட மனதில் ரெடி.

தேசம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"கம்பெனி இல்லம்மா. உங்க ஊட்டுத் தண்ணி."

கை நீட்டிக்கூடக் காட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். நானும் பார்த்தேன். ஓடை ஒரு காம்பவுண்ட் சுவருக்குக் கீழே இருந்த குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. சுவருக்கு மேலே, மூன்றாவது மாடி பால்கனியில் நீலப் பெட்ஷீட் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் நான் காயப்போட்டது.

மூன்று மாதமாக இப்படித்தானாம். இரண்டு முறை எங்கள் வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். ஒன்றும் நடக்காததால் அந்த நான்கு பாத்திகளை அப்படியே விட்டுவிட்டாராம்.

"அதுல வெதைச்சி உங்களுக்கே எப்பிடிம்மா விக்கறது?"

அன்று கேட் அருகே, நான் கேட்ட உடனே இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நாலு பேரு எதிர்ல சொன்னா உனுக்கு ஒரு மாரியா பூடும்லம்மா."

அவருடைய மானத்தை அதே நாலு பேர் எதிரில் நான் எப்படிக் கையாண்டேன் என்பதை நீங்கள் மேலே படித்தீர்கள்.

நேராக அசோசியேஷன் செக்ரட்டரியிடம் போனேன். அவர் நிதானமாக விளக்கினார். கழிவுநீரைச் சுத்திகரிக்கிற மோட்டார் தினமும் இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது. மிச்சம் அப்படியே வெளியே போகிறது. மெயின்டெனன்ஸ் கட்டணத்தைக் குறைக்க, மூன்று மாதம் முன்பு மீட்டிங்கில் எடுத்த முடிவு. "நீங்களும் இருந்தீங்களே மேடம்" என்றார்.

இருந்தேன். முதலில் கை தூக்கியதே நான்தான். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. நம் வீட்டுக்குள் வருவது எங்கிருந்து வருகிறது என்று துருவித் துருவிக் கேட்கிறோம். வெளியே போவது எங்கே போகிறது என்று...?

அடுத்த மீட்டிங்கில் எழுந்து நின்று, தேசம்மாவிடம் நான் நடந்துகொண்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். இப்போது மோட்டார் நாள் முழுக்க ஓடுகிறது. சுத்தமான தண்ணீர் எங்கள் செடிகளுக்கே போகிறது; குழாயை அடைத்தாயிற்று. ஆனால் ஒரு நல்ல மழை மண்ணைக் கழுவிவிட்டால்தான் அந்தப் பாத்திகளில் விதைக்க முடியும் என்கிறார் தேசம்மா.

கேட் அருகே, எல்லோரும் இருக்கும்போதே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அரைக்கீரை இளசாக இருக்கிறது, ரொம்ப வேகவிடாதே என்று சொல்லி ஒரு கட்டை நீட்டினார். மன்னித்தாரா? தெரியாது. கேட்க எனக்கு வாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, முதல் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருந்தார் — இங்கே நல்ல தண்ணீரில் விளைந்த கீரை எங்கே கிடைக்கும் என்று.

'தேசம்மாவிடம் வாங்குங்கள். நம் தண்ணீர் படாத பக்கத்தில் விளைகிறது' என்று பதில் போட்டேன்.