பயிற்சிக் கூடத்தில் காய்ந்த வத்தல்

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. விருதுநகர் பஜாரை ஒட்டிய தெருவில் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அண்ணன்கள் இருவரும் அதே கடையில். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு ஆங்கிலமும் தமிழும் சரளமாகப் பேசும் பெண் தேவை என்று தோழி ஒருத்தி சொன்னாள். போய்ப் பார்த்தேன். அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் சில வருடங்கள் அவை.

பஸ் ஏறி ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை என்பதால் அம்மாவுக்கு இஷ்டமில்லை. அத்தா தடுக்கவில்லை. ஆனால் அவருக்கு வெளிநாட்டு உதவி என்பதன் மேலேயே நம்பிக்கை கிடையாது. அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கப்பலில் வந்த பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்களாம், மஞ்சள் சோளரவையில் உப்புமா கிண்டிப் போடுவார்களாம். வயிறு நிறைந்தது உண்மைதான், அதனால் ஊரில் ஒரு கடை கூடுதலாகத் திறந்ததா என்று கேட்பார். “வர்றது வரட்டும்மா. அவுக போன பெறகு என்ன மிஞ்சுதுன்னு பாரு” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மல்லாங்கிணறுக்கு அப்பால் உள்ள சில கிராமங்களில் எங்கள் திட்டம் நடந்தது. மானாவாரிக் கரிசல் காடுகள். மழை பெய்தால் வத்தலும் மல்லியும் பருத்தியும் வரும், பெய்யாவிட்டால் ஒன்றும் வராது. வெள்ளாமை இல்லாத மாதங்களில் விடியும் முன்பே பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு சிவகாசிப் பக்கம் போகும். எங்காவது ஒரு கம்பெனியில் வெடித்துவிட்டது என்று பேச்சு வந்தால், வேன் திரும்பும் வரை அந்த ஊரில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அந்தப் பெண்களை வெடிமருந்து வேலையிலிருந்து மீட்பதற்காக, ஐரோப்பாவின் வடக்கே இருந்த ஒரு நாட்டு மக்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் எங்கள் திட்டம் ஓடியது. அவர்கள் எண்ணம் நல்ல எண்ணம். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

மீட்பதற்கு அவர்கள் கண்ட வழி, மெழுகுவர்த்தித் தொழிலும் தையலும். ஒரு கிராமத்தில் பயிற்சிக் கூடம் கட்டினார்கள். கூடத்துக்கு முன்னால் கூட்டம் நடத்துவதற்கென்று அகலமாக ஒரு சிமெண்டுத் தளம் போட்டார்கள். அந்த ஊரில் சாணி மெழுகாத, மண் ஒட்டாத, அவ்வளவு பெரிய தரை வேறு கிடையாது.

திறப்பு விழா அன்று கேள்வி கேட்டது ஒரே ஒரு ஆள். சொந்தமாகக் கொஞ்சம் கரிசல் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். புருஷன் உழவைப் பார்த்துக்கொள்ள, விளைந்ததை விற்பது முழுவதும் அவர் பொறுப்பு. மழை தவறிய வருடம் அவரும் வேனில் ஏறுகிறவர்தான். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். செய்கிற மெழுகுவர்த்தியை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். சந்தை பின்னால் உருவாகும் என்று மேடையில் இருந்தவர்கள் பதில் சொன்னார்கள், நான் தமிழில் சொன்னேன். கமிஷன் கடைக்காரர் மகளுக்கு அந்தப் பதில் தொண்டையில் இறங்கவில்லை. வாங்குகிற ஆளைத் தெரியாமல் சரக்கு செய்கிற வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. வேலைக்குப் புதிது என்பதால் பேசாமல் இருந்தேன்.

பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். அழகான மெழுகுவர்த்திகள் செய்தார்கள். சித்திரை வெயிலில் அவை அத்தனையும் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தையலில் தேறிய சிலர் ஊருக்குள் ரவிக்கை தைத்துக் கொடுத்தார்கள். ஒரு சின்ன ஊர் எத்தனை ரவிக்கை போடும்? கொஞ்ச நாளில் கூடத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வேனில் போகிறவர்கள் குறையவில்லை.

அந்த வருடம் மழை நன்றாக அமைந்து, அடுத்த மாசியில் வத்தல் நல்ல விளைச்சல். திட்டத்தைப் பார்வையிட, பணம் கொடுத்த நாட்டிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்திருந்தார். நடுத்தர வயது, நல்ல உயரம். பெண்களோடு தரையில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்கிற சுபாவம். மதுரையில் வேறொரு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் சொன்ன நாளுக்கு முந்தின நாளே கிளம்பிவிட்டார். எங்கள் திட்ட மேலாளருக்கு ஊருக்குத் தகவல் சொல்ல வழியில்லை. ஜீப் போய்க் கூடத்து வாசலில் நின்றது.

சிமெண்டுத் தளம் முழுக்கச் சிவப்பு. ஓரம் வரைக்கும் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக நின்று காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். கூடத்துக்குள் தையல் மெஷின்களை ஒரு மூலையில் சேர்த்து நெருக்கிவிட்டு, சுவரை ஒட்டிச் சாக்கு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். காரம் மூக்கில் ஏறி எல்லோரும் தும்மினோம். அதிகாரி அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது வத்தலாலா வருத்தத்தாலா என்று தெரியவில்லை.

யார் அனுமதி கொடுத்தது என்று என்னிடம் கேட்டார். மேலாளர் என் பக்கம் சாய்ந்து, இன்றைக்கு ஒருநாள் மட்டும்தான் இப்படி என்று சொல்லும்படி மெதுவாகச் சொன்னார். நான் கேள்வியை அக்காவிடம் அப்படியே கேட்டேன். அக்கா கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, அந்தம்மாகிட்ட ஒண்ணும் ஒளிக்காமச் சொல்லுங்க. நாங்கதேன் போட்டோம். மெழுகுதிரியும் நாங்க கேக்கல, இந்தத் தளத்தையும் நாங்க கேக்கல. நீங்களாத்தேன் கொண்டாந்தீக. ஆனா இது எங்களுக்கு ஆகுது. காட்டுல காயப்போட்டா மண்ணு ஒட்டும், பனி எறங்கி வெளுத்துப்போகும். ரோட்டுல போட்டா பஸ்ஸு ஏறிப்போகும். இங்கன போட்டா அந்தியில அள்ளி உள்ள வச்சுக்கிறோம். அம்புட்டுத்தேன்.”

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மேலாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி அம்மாள் கோபப்படவில்லை, ஆனால் விட்டுக் கொடுக்கவும் இல்லை. இது பயிற்சிக்காகக் கட்டிய இடம், பணம் கொடுத்தவர்களுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும், விதியை மீறிப் பயன்படுத்தியதாகத்தான் எழுத முடியும், ஒருவேளை அடுத்த தவணையை நிறுத்திவிடுவார்கள் என்றார்.

அதை நான் தமிழில் சொல்லவில்லை. அதற்குப் பதில், மொழிபெயர்க்க வந்தவள் நானாக ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று நான் யோசித்ததில்லை. வத்தல் எனக்குத் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் கட்டியதில் உருப்படியாக நடப்பது இது ஒன்றுதான், எழுதுவதற்கு முன்னால் நாளைக் காலை என்னோடு ஒரு கடைக்கு வாருங்கள் என்றேன். அவர் தளத்தையும் மூட்டைகளையும் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு சரி என்றார். கிளம்பும்போது அக்காவிடம் இரண்டு சின்னப் பைகளில் வத்தல் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்று தளத்தில் காய்ந்தது. இன்னொன்று அவர்களுடைய காட்டிலேயே மண் தரையில் காய்ந்தது.

மறுநாள் காலை வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் கடைப்படி ஏறியதும் தெருவே எட்டிப் பார்த்தது. அத்தா அவருக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். விருந்தாளி வேறு, வெளிநாட்டுப் பணம் வேறு என்பது அவர் கணக்கு. எது எங்கே காய்ந்தது என்று சொல்லாமல் இரண்டு பை வத்தலையும் சாக்கு விரிப்பில் தனித்தனியாகக் கொட்டி, விலை சொல்லுங்கள் அத்தா என்றேன்.

முதல் குவியலில் கையை விட்டு அள்ளினார், தூசியை ஊதினார், நம்ம பக்கத்துச் சரக்கு என்று வழக்கமான விலையைச் சொன்னார். இரண்டாவதில் ஒரு வத்தலை எடுத்து ஒடித்தார். சடக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது எந்த ஊரு வத்தல்? இந்தப் பக்கம் இல்லையே. வெளி ஜில்லாவுல இருந்து வந்துச்சா?”

இரண்டும் ஒரே காடு, ஒரே விதை, ஒரே வாரத்தில் பறித்தது என்று சொன்னேன். அத்தா நம்பவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் வெளியூர்ச் சரக்கு என்றே சொன்னார். இரண்டாவது சிமெண்டுத் தளத்தில் காய்ந்தது என்று நான் விளக்கிய பிறகு அத்தா மறுபடி ஒருமுறை அள்ளிப் பார்த்துவிட்டு, இதற்கு விலையே வேறு என்று சொன்னார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரி அம்மாள் அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ குடித்து முடித்ததும் அத்தா தன் கேள்வியை வைத்தார். நீங்கள் போன பிறகு அந்தத் தளம் வெடிப்பு விட்டால் யார் பூசுவார்கள்? நான் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டார். எங்கள் அலுவலகத்திலேயே யாரும் இதைக் கேட்கவில்லை என்றார். கேள்வியை நான் அன்று பிற்பகலே அக்காவிடம் கொண்டு போனேன். காயப்போடுகிற ஒவ்வொருவரும் மூட்டைக்கு ஒரு படி வத்தல் பொதுவில் போடுவது, அதை விற்றுத் தளத்தைப் பார்த்துக்கொள்வது என்று அந்தப் பெண்கள் நின்ற இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். யார் முதலில் காயப்போடுவது என்பதில்தான் சண்டை நீண்டது.

அதிகாரி அம்மாள் ஊர் திரும்பி யாரோடு எல்லாம் வாதாடினாரோ, மிச்சப் பணத்தில் பக்கத்துக் கிராமங்கள் இரண்டில் இதேபோலத் தளமும் சாக்கு அடுக்கச் சின்னக் கட்டடமும் போட உத்தரவு வாங்கிவிட்டார். எல்லாம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. பணம் கொடுத்தவர்களில் ஒரு பிரிவினருக்கு நவீனமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. நான்காவதாக ஒரு கிராமத்துக்கு மின்சாரத்தில் வத்தல் உலர்த்தும் பெரிய மெஷின் வந்து இறங்கியது. தலைக்கு மேலே அப்படி ஒரு வெயில் சும்மா அடித்துக்கொண்டிருக்க, பகலெல்லாம் கரண்ட் இல்லாத ஊரில் அது எதற்கு என்று நான் கேட்டேன். இந்த முறை எனக்கு வெற்றி இல்லை. அந்த மெஷினுக்குள் கோழிகள் முட்டையிட்டன.

தளம் போட்ட கிராமங்களில் நடந்தது மெதுவாக நடந்தது. தனித்தனியாக மூட்டை தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்கள் சேர்ந்து லோடு வண்டி பிடித்தார்கள். இரண்டாவது சீசனில் வியாபாரிகளே ஊர் தேடிப் போனார்கள், அதில் எங்கள் அண்ணனும் ஒருவர். சாலை ஓரத்து டீக்கடை மளிகைக் கடையாக வளர்ந்தது. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து பழைய லோடு வண்டி ஒன்றை வாங்கினார்கள். அக்கா தன் கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தினார். அதற்குப் பிறகு அவர் பட்டாசு வேனில் ஏறவில்லை.

எல்லோருக்கும் அப்படி வாய்த்தது என்று சொல்ல மாட்டேன். நிலமில்லாத பெண்களுக்குத் தளத்தில் காயப்போட என்ன இருக்கிறது? வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற வேலை ஊருக்குள்ளேயே வந்ததால் சீசன் மாதங்களில் அவர்கள் வேனுக்குப் போகாமல் இருந்தார்கள். மற்ற மாதங்களில் போனார்கள். இறுதி அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் வேலை என்னிடம் வந்தபோது இதையும் சேர்த்தே எழுதினேன். மேலாளர் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.

திட்டம் முடிந்து அதிகாரி அம்மாள் விடைபெற வந்த அன்று அழுகை எதுவும் இல்லை. சீசன் நேரம், எல்லோருக்கும் வேலை இருந்தது. அக்கா ஒரு பை நிறையப் பொறுக்கி எடுத்த வத்தலைக் கொடுத்துவிட்டு, “இவுக ஊருல காரம் திம்பாகளா, மாட்டாகளா? இல்லன்னா வாசல்ல கட்டித் தொங்கவிடச் சொல்லுங்க, கண்ணு படாது” என்றார். நான் அதைச் சொன்னதும் அந்த அம்மாள் சத்தமாகச் சிரித்து, பையை மடியில் வைத்துக்கொண்டே ஜீப்பில் போனார்.

எனக்குச் சென்னையில் அதே நிறுவனத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடையில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று அத்தாவிடம் கேட்டேன். அண்ணன்கள் முகம் சுளித்தார்கள், பெண்பிள்ளை வியாபாரப் பேட்டைக்குள் எப்படி என்றார்கள். கிராமத்துக் கொள்முதலை நான் பார்க்கிறேன், சரக்கு விளைவிக்கிறவர்கள் பாதிப்பேர் பெண்கள்தானே என்றேன். அத்தா ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் தராசுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது.

அடுத்த பங்குனியில் காரியாபட்டிப் பக்கம் இதுவரை போகாத ஓர் ஊருக்கு வத்தல் பார்க்கப் போனேன். எந்தத் திட்டமும் அந்த ஊர்ப் பக்கம் வந்ததில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஊர் எல்லையில் புத்தம் புதிதாக ஒரு சிமெண்டுத் தளம். பூச்சில் கொத்தனார் கரணை இழுத்த கோடுகள்கூட மறையவில்லை. யார் போட்டுக் கொடுத்தது என்று வத்தல் கிளறிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“ஆரு குடுப்பா? மல்லாங்கிணறுப் பக்கம் எங்க மதினியைக் கட்டிக்குடுத்திருக்கு. அங்கன போயிப் பாத்துட்டு வந்தோம். பெறகு வீட்டுக்கு வீடு காசு போட்டு நாங்களே போட்டுக்கிட்டோம். நீங்க வாங்க வந்தீகளா, பாக்க வந்தீகளா?”

வாங்கத்தான் வந்தேன் என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தளத்தில் ஏறி ஒரு கை அள்ளிப் பார்த்தேன். நல்ல சரக்கு. விலை பேசி முடிக்கப் பொழுது இறங்கிவிட்டது. அந்தப் பெண் நான் நினைத்ததைவிட அதிகமாகவே கேட்டு வாங்கிவிட்டாள்.